வடிவக்காவின் வண்டிக்குக் கரண்ட் பம்ப்

சண்முகவடிவு, எங்களுக்கெல்லாம் வடிவக்கா, வண்டி ஓட்டுவதை விரும்பித்தான் ஓட்டினார். ஆனால் அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. கேட்டால், "டிரைவர்மாரு பின்னால யாரு அலையுறது?" என்பார்.

மயிலாப்பூரில், மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்புகள் பாதியை விழுங்கிவிட்ட ஒரு தெருவில் அவர் குடும்பத்தின் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. கல்யாணம், பூணூல், வளைகாப்பு என்று எங்கே நூறு பேருக்குச் சமையல் நடந்தாலும் அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை, சாம்பார் தூக்கு எல்லாம் இங்கிருந்து போகும். மறுநாள் எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வரும். கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நான் அப்போது குடியிருந்தேன். கீழே பேசுவது மேலே தெளிவாகக் கேட்கும். கேட்காததைத் தங்கம் வந்து சொல்லிவிடுவாள். தங்கம் அங்கே பாத்திரம் தேய்த்து, ஏற்றி, இறக்கி, மிச்ச நேரத்தில் எல்லோரையும் வம்புக்கு இழுப்பவள்.

பாத்திரங்களைச் சுமந்து போனது ஒரு பழைய டீசல் பிக்கப். வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு முகூர்த்த நாளில் டிரைவர் வராமல் போனபோது, பக்கத்துக் கடைக்காரரின் தம்பியைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு வடிவக்கா அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார். போகிற வழியெல்லாம் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். லோடு வண்டி ஓட்டும் பெண் என்று முதலில் தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு தெருவுக்கு வேறு வேடிக்கை கிடைத்தது.

கணவர் சண்முகசுந்தரம் எந்த வண்டியையும் ஓட்ட மாட்டார். இளவயதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததோடு சரி. அதற்குப் பதில் வண்டிக்குப் பூஜை செய்வார். வெள்ளிதோறும் குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்து, ஸ்டீயரிங், நான்கு சக்கரம், ரேடியேட்டர், டீசல் டேங்க் மூடி என்று வரிசையாகப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, மனைவி ஏறி உட்காரும்வரை கைகூப்பி நிற்பார். ஆயுத பூஜை அன்று எல்லோரும் செய்வதை இவர் வருஷம் முழுக்கச் செய்தார், அவ்வளவுதான்.

ஒரே மகன் ஸ்ரீஹரி. பழைய மகாபலிபுரம் சாலையில் சில வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அது சலித்துப் போய்க் கடைக்கு வந்திருந்தான். வந்ததும் ஆர்டர்களைப் போனுக்குள் கொண்டுபோனான். எந்த மண்டபத்துக்கு எந்தத் தவலை போயிருக்கிறது என்று விரலால் தள்ளிப் பார்க்க முடிந்தது. கடை ஒழுங்காயிற்று. வண்டி மட்டும் அவன் வந்த பிறகுதான் கெட்டது.

கெட்டது என்றால் இப்படி. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று மூச்சுத் திணறுவதுபோல இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துவிடும். ஒரு முறை உஸ்மான் சாலையில், தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே. இன்னொரு முறை லஸ் முனையில், பின்னால் ஒரு பேருந்து முழுக்கத் திட்டிக்கொண்டிருக்க. மந்தைவெளி மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்து, பானட்டைத் திறந்து, கையால் அழுத்தும் சிறு பம்பைக் கொஞ்ச நேரம் அழுத்துவார். டீசல் ஏறும், வண்டி கிளம்பும். "ஏர் லாக்கும்மா" என்பார். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது, ஓட்டை ஸ்ட்ராவில் ஜூஸ் குடிப்பதுபோல எஞ்சினுக்கு டீசல் கிடைப்பதில்லை என்பது அவர் கட்சி. குழாயை மாற்றினார். வாஷரை மாற்றினார். வண்டி மறுபடியும் நின்றது.

வழியில் வண்டி நின்று, மண்டபத்தில் இரண்டு தவலை சாம்பார் நேரத்துக்கு வைக்க முடியாமல் போன ஒரு நாளில், ஸ்ரீஹரி பேச்சை எடுத்தான். நான் மாடிப்படியில் இருந்தேன்.

"அம்மா, சின்னதா ஒரு எலெக்ட்ரிக் லோடு வண்டி எடுத்துடலாம். டிரைவர் ஒருத்தனப் போட்டுக்கலாம். நீ நிம்மதியா கல்லால உக்காரு."

"கல்லாவுல உக்காந்து நான் என்னல செய்ய? மேல சுத்துத ஃபேனைப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"வயசாகுதும்மா."

"எனக்கா, வண்டிக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

உள்ளே சாம்பலும் நாருமாக உட்கார்ந்திருந்த தங்கம் தலையை நீட்டினாள். "உனுக்குந்தான் ஸ்ரீ, முடியெல்லாம் கொட்டிக்கினு கீது. உன்ன இன்னா வித்துட்டாங்களா?"

ஸ்ரீஹரி தலையைத் தடவிக்கொண்டான். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரி. கடைசியா ஒரு ரிப்பேர் பண்ணிக்கோ. நல்லா பெருசாவே பண்ணிக்கோ. அதுக்கு அப்புறம் லோடோட ரோட்ல வண்டி நின்னுச்சுன்னா, ஒரே ஒரு தடவை நின்னாலும், வித்துடுவோம். நீ ஸ்டீயரிங்கத் தொடக் கூடாது. சரியா?" என்றான்.

"நின்னா வித்துரு."

இருவரும் சண்முகசுந்தரத்தைப் பார்த்தார்கள். வண்டி அவர் பெயரில்தான் இருந்தது. "முருகன் விட்ட வழி" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அன்று மாலையே ஸ்ரீஹரி வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துப் பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவருக்கு அனுப்பி வைத்தான்.

மந்தைவெளி மெக்கானிக் கைவிரித்துவிட்டார். எஞ்சினோடு ஒட்டியிருந்து டீசலை இழுக்கும் பம்ப் தேய்ந்திருக்க வேண்டும், இந்த மாடலுக்குச் சரக்கு வருவதில்லை, ஈக்காட்டுத்தாங்கலில் கைசர் ஜஹானிடம் போனால் எலெக்ட்ரிக் பம்ப் மாட்டித் தருவார் என்றார். எனக்கும் கிண்டிப் பக்கம் போக வேண்டியிருந்ததால் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

போல்ட்டு செய்கிறவர்கள், ஸ்பிரிங் செய்கிறவர்கள் என்று சின்னப் பட்டறைகள் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில் கைசர் ஜஹானின் வயரிங் கடை. திருவல்லிக்கேணியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். நாற்பது வயது இருக்கும். புர்காவை ஆணியில் மாட்டிவிட்டு, சல்வாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னாக்கா, உங்க வூட்டுக்காரு இம்மாம் பொட்டு வச்சிக்கீறாரு? நான் கைய எங்க வைக்கிறது?"

"எங்க வேணும்னாலும் வையி. அது வண்டிதான்."

"அட, சாமி சமாச்சாரம்க்கா. நான் தொட்டு அழிச்சேன்னு வேணாம். டேங்க் மூடிய நீயே தொறந்து குடு. நான் கையில கூட வாங்க மாட்டேன்."

வடிவக்கா மூடியைத் திருகி எடுத்தார். கைசர் ஜஹான் ஒரு பழைய செய்தித்தாளை மடித்துப் பெஞ்சின் மேல் விரித்தார். மூடி அதன்மேல், பொட்டு மேலே தெரிய, வேலை முடியும்வரை பத்திரமாக இருந்தது. கிரீஸ் படாமல் இருக்கட்டும் என்று அதன்மேல் இன்னொரு தாளும் போட்டு வைத்தார்.

வேலை நடக்கும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார். "பழைய பம்பு இருக்கே, அது எஞ்சின் சுத்துற சுத்துல டேங்குலேர்ந்து இஸ்க்கும். இது டேங்க் பக்கத்துலயே குந்திக்கினு முன்னாடி தள்ளும். இஸ்க்கறதுக்கும் தள்றதுக்கும் வித்தியாசம் கீதா இல்லியா?"

"பெட்ரோல் காருக்குப் போடுதாங்களே, அது பவரா இருக்கும்லா?"

"அய்யய்யோ, அது சீறும்க்கா. உன் வண்டி தாங்காது, சீல் பூட்டுக்கும். இதுக்கு மெதுவா குடுக்கணும், கொயந்தைக்குப் பால் ஊட்ற மாதிரி."

டேங்கை முழுதும் வடித்துக் கழுவினார். பம்பைச் சேசிஸில், டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, ரப்பர் வைத்து முடுக்கினார். அதற்கு முன்னால் ஒரு சின்ன வடிகட்டி. எஞ்சினோடு இருந்த பழைய பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு போட்டு மூடினார். சாவியிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து பம்ப் என்று வயர் ஓடியது. சாவி போட்டதும் பம்ப் சில நொடி தானே ஓடும்படியும், பிறகு எஞ்சின் அணைந்தால் அதுவும் அணைந்துவிடும்படியும், எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தை அறியும் சுவிட்சோடு ஒரு இணைப்பும் கொடுத்தார். "எங்கனா இடிச்சிட்டு எஞ்சின் நின்னுச்சுன்னா, இது மட்டும் டீசல ரோட்ல ஊத்திக்கினு இருக்கக் கூடாது பாரு."

கடைசியில் வடிவக்கா சாவியைத் திருப்பினார். சீட்டுக்குக் கீழே, பின்புறமாக, "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் எழுந்தது. ரீங்காரம் ஒரே சீருக்கு வந்ததும் ஸ்டார்ட் செய்தார். பாதிச் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பேசுதே" என்றார் வடிவக்கா.

"பேசும். சும்மா பேசாது. வயித்து வலின்னா வேற மாதிரி பேசும்" என்று சொல்லிவிட்டுக் கைசர் ஜஹான் கை கழுவப் போனார்.

திரும்பும் வழியில் வடிவக்கா ரேடியோவை நிறுத்திவிட்டார். சிக்னலில் நிற்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்த நாட்களிலும் அப்படித்தான். ரேடியோ மீண்டும் போடப்படவே இல்லை. ஏசி மண்டபத்தின் வாசலில் நிற்கும்போது ஒரு சுருதி, எஞ்சின் சூடானால் சற்றே கீழே, மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் இரைச்சலில் மறைந்துபோவது என்று அவருக்கு அது பழகிவிட்டது. எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

மழைக்காலம் வந்து போயிற்று. வண்டி எங்கும் நிற்கவில்லை. கைசர் ஜஹானிடமிருந்து கிளம்பும்போது போட்ட கொஞ்சம் டீசல், பிறகு வடிவக்காவின் பழைய வழக்கப்படி போகிற வழியில் அவ்வப்போது போட்டுக்கொண்ட டீசல், இதிலேயே ஓடியது. புரோக்கர் இரண்டு தடவை போன் செய்தார். "இன்னும் ஓடிட்டுதான் சார் இருக்கு" என்று ஸ்ரீஹரி சொன்னபோது அவன் குரலில் வருத்தமா பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தை பிறந்தது. முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தன. லோடோடு பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்பது வீண் என்று, ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே ஸ்ரீஹரி வண்டியை எடுத்துப் போய் டேங்கை நிரப்பிவிட்டு வந்தான். நிரப்புவதென்றால் அவன் பாணியில், டீசல் ஊற்றும் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் இரண்டு அழுத்து அழுத்தி, கழுத்துவரை.

மறுநாள் காலை முதலில் தி. நகரில் ஒரு மண்டபத்தில் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு அடையாற்றில், சமையல் காண்டிராக்டர் சுவாமிநாதன் சமைக்கும் ஒரு சஷ்டியப்தபூர்த்திக்கு. வடிவக்கா, நடுவில் தங்கம், ஓரத்தில் நான். அடையாற்றில் இறங்கிக்கொள்ளலாம் என்று தொற்றிக்கொண்டிருந்தேன்.

தி. நகரில் இறக்கிவிட்டு, சேமியர்ஸ் சாலை வழியாகக் கிரீன்வேஸ் சாலைக்கு வந்தோம். திரு.வி.க. பாலத்துக்குச் சற்று முன்னால் வடிவக்கா தலையைச் சாய்த்தார்.

"தங்கம், வாயை மூடு."

"நான் ஒண்ணியுமே பேசலியே!"

"மூச்சு விடாதட்டி. கேளு."

இந்த முறை எனக்கும் கேட்டது. "ம்ம்ம்" என்று இருந்தது மெலிந்து, மேலே ஏறி, கொசு காதருகே வந்ததுபோல ஆகியிருந்தது. எஞ்சின் ஒரு முறை குலுங்கியது. வடிவக்கா இண்டிகேட்டரைப் போட்டார், இடப்பக்கம் ஒதுக்கினார், நடைபாதையோரம் கொண்டுபோய் சாவியைத் திருப்பினார். எல்லாம் அடங்கிற்று.

"போச்சு. ஸ்ரீக்கு லட்டு துன்னாப்புல இருக்கும்" என்றாள் தங்கம்.

பழுதான வண்டிகளில் பல ஊர்களில் உட்கார்ந்திருக்கிறேன். இறங்குகிறவர்கள் எல்லோரும் முன்பக்கம்தான் போவார்கள், பானட்டைத் திறப்பார்கள். வடிவக்கா பின்பக்கம் போனார். சத்தம் அங்கிருந்துதானே வந்தது. குனிந்து பம்பைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது, ஆனால் கசிவு எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் சுவாமிநாதன்.

"எங்கே இருக்கேள்?"

"பாலத்துக்கிட்ட வந்துட்டோம் சாமி."

"எந்தப் பாலம்? போன கல்யாணத்துக்கும் பாலத்துக்கிட்டதான் இருந்தேள். பருப்பை எதுலே வேகவைக்கட்டும், என் உள்ளங்கையிலயா? பொண்ணாத்துக்காரா எல்லாம் காபி கேட்டுண்டு நிக்கறா!"

"அறுபதாங் கல்யாணத்துல ஏது சாமி பொண்ணாத்துக்காரங்க?"

"இருக்கா, இருக்கா, அறுபது வருஷமா இருக்கா! சீக்கிரம் வாங்கோ."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் மூடியைத் திருகினார். முதலில் அது நகரவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்து முறுக்கினார். "புஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. காற்று வெளியே வரும் சத்தம் இல்லை, உள்ளே போகும் சத்தம். வடிவக்கா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். கொதிக்கிற சாம்பாரைத் தூக்கில் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, ஒரு மணி நேரம் கொண்டுபோனால், ஆறுகிறபோது மூடி பிடித்துக்கொள்ளும். எந்தச் சமையல்காரர் இழுத்தாலும் வராது. சிலர் சுத்தியலால் அடித்து நெளித்துவிடுவார்கள். அதனால் வடிவக்கா கடையின் எல்லாத் தூக்கு மூடியிலும் ஆணியால் ஒரு துளை போட்டு வைத்திருப்பார். துளை இல்லாத மூடியில் கரண்டிக் காம்பை நெம்பினால் இதே "புஸ்"தான், அதன் பிறகு மூடி சாதுவாக வந்துவிடும்.

"மூடி பிடிச்சிருக்கு" என்றார்.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் நடுவில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்திருக்க வேண்டும். இப்போது அங்கே சந்தனமும் குங்குமமும் தூசியும் டீசல் ஆவியில் ஊறிச் சிமெண்டுபோல இறுகியிருந்தன. அதன்மேல் போன வெள்ளிக்கிழமைப் பொட்டு புதிதாகச் சிவந்திருந்தது. டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. டேங்கில் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்றை வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்திருக்கிறது. கழுத்துவரை நிரப்பினால் சமாளிக்க அதுவும் இல்லை. மெக்கானிக் வந்து சேரும் நேரத்துக்குள் எங்காவது இடுக்கில் கொஞ்சம் காற்று புகுந்துவிடும், அவர் கை பம்பை அழுத்துவார், ஓடிவிடும், ஏர் லாக் என்பார்.

இதையெல்லாம் அவர் அங்கே நின்று சொல்லவில்லை. கந்தைத் துணி ஒன்றை டேங்க் வாயில் கட்டினார். சாவியைத் திருப்பினார். "ம்ம்ம்." பாலத்தைத் தாண்டினோம். மூடி என் மடியில் இருந்தது. அண்டாக்களை இறக்கும்போது சுவாமிநாதன், "டீசல் வாசனையோட சாம்பார் வைக்கச் சொல்றேளா?" என்று கேட்டதற்கு, "உங்க பெருங்காயத்துக்கு முன்னாடி அதெல்லாம் நிக்காது சாமி" என்று பதில் வந்தது. அடையாற்றில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை.

கடையில் ஸ்ரீஹரி தயாராக நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் போன் இருந்தது. வண்டி எங்கே போகிறது என்று காட்டும் செயலியில், பாலத்துக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி.

"நின்னுச்சுல்ல?"

"நிக்கல. நிறுத்துனேன்."

"அம்மா!"

"நீ என்ன சொன்ன? வண்டி நின்னுச்சுன்னா விக்கலாம்னு சொன்ன. நான் நிறுத்துனா விக்கலாம்னு சொல்லல. சிக்னல்லயும்தான் நிறுத்துதேன்."

"இது ஏமாத்து வேலைம்மா. பாரு, இங்க போட்டிருக்கு, 'ஸ்டாப்டு'."

"அதுக்குத் தமிழ் தெரியாது."

ஸ்ரீஹரி என் பக்கம் திரும்பினான். "நீங்க கூடத்தானே இருந்தீங்க? நின்னுச்சா, நிறுத்தினாங்களா?"

எஞ்சின் ஒரு முறை குலுங்கியது, அணையவில்லை, சாவியைத் திருப்பியது வடிவக்காதான் என்று நடந்ததைச் சொன்னேன். "விட்டிருந்தா நின்னிருக்குமா?" என்று கேட்டான். நின்றிருக்கும் என்றுதான் தோன்றியது. அதையும் சொன்னேன். தங்கம் என்னைப் பார்த்த பார்வையில் அன்று எனக்குக் காபி கிடைக்காது என்று தெரிந்தது.

வடிவக்கா மூடியைக் கல்லா மேசைமேல் வைத்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த சண்முகசுந்தரம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது டேங்க் மூடில்லா? இங்க எதுக்கு?"

"இதுல ஊதுங்க."

அவர் ஊதினார். ஸ்ரீஹரியிடம் நீட்டினார். அவனும் ஊதினான். காற்று போகவில்லை. தங்கம் தன் ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். வடிவக்கா அதை நடுவில் வைத்துக் குத்தித் திருகினார். சிவப்பும் மஞ்சளுமாகப் பொடி கொட்டி, பேப்பரில் சிறு குவியலாகச் சேர்ந்தது. கொட்டிக்கொண்டே இருந்தது.

"நீ கழுத்து முட்ட ஊத்துத" என்று மகனிடம் சொன்னார். "அவுக வாயைப் பூசி அடைக்காக. அது பாவம் எப்படில ஓடும்?"

சண்முகசுந்தரம் வெகுநேரம் அந்தப் பொடியைப் பார்த்தார். "டேங்குக்கு வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். யாரையும் குற்றம் சொல்கிற குரலாக இல்லை.

"யாருங்க சொல்லுவா? நானே தினம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

கைசர் ஜஹானுக்குப் போன் போட்டார்கள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. "அட அல்லா! நான் மூடியத் தொறந்து வச்சிட்டுதானேக்கா டெஸ்ட்டு பண்ணேன்! மூடியப் போட்டுக்கினு யாரு டெஸ்ட்டு பண்ணுவா? தொடக் கூடாதுன்னு அதுக்குப் பேப்பர்லாம் போத்தி வச்சேனே!" பிறகு, பழைய பம்பில் அப்படியானால் ஒரு குறையும் இருந்திருக்காது, வேண்டுமானால் எடுத்த மாதிரியே திருப்பி மாட்டித் தருகிறேன் என்றார்.

"வேண்டாம்" என்றார் வடிவக்கா. "பழசுல வண்டி செத்த பிறகுதான் தெரியும். இது முன்னாடியே முனகுது."

ஸ்ரீஹரி இன்னும் விடவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் நின்றது நின்றதுதான், அதாவது நின்றதற்குச் சமம், சொன்ன வார்த்தை சொன்னதுதான் என்றான். சண்முகசுந்தரம் பேப்பரைப் பொடியோடு சேர்த்து மடித்தார்.

"வண்டி என் பேர்லதான இருக்கு?"

"ஆமாப்பா."

"தப்பு என் கையில. அதுக்கு அவ ஏன் இறங்கணும்?"

"அவங்க சேஃப்டிக்குத்தாம்ப்பா சொல்றேன். நீங்களும் வாராவாரம் கும்பிட்டு அனுப்பறீங்க, பயம் இல்லாமலா?"

"பயந்தான். பயந்துதான் கும்பிடுதேன். அவ ஓட்டக் கூடாதுன்னு ஒரு நாளும் கும்பிட்டதில்ல."

தங்கம் உள்ளே போய்த் தவலையைத் தேய்க்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கடைசியில் வடிவக்காதான் வழி சொன்னார். மூடியைக் கழுவி, டேங்கை அவன் இஷ்டப்படியே கழுத்துவரை நிரப்பட்டும். முழு லோடு ஏற்றட்டும். அவனே பக்கத்தில் உட்காரட்டும். தி. நகர், அடையாறு, கிண்டி என்று அவன் காட்டுகிற பக்கமெல்லாம் போகலாம். நின்றால் அங்கேயே சாவியைக் கொடுத்துவிடுகிறேன், இந்த முறை நிறுத்தவும் மாட்டேன்.

மறுநாள் முகூர்த்தம் இல்லை. தங்கம் திட்டிக்கொண்டே வெறும் அண்டாக்களை ஏற்றினாள். அம்மாவும் மகனும் காலையில் போனவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்கள். ஆதம்பாக்கம்வரை போனார்களாம். ஸ்ரீஹரி இறங்கி, நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டான்.

"இன்னா ஸ்ரீ, எங்க நின்னுச்சு?" என்று தங்கம் கேட்டாள்.

"ஆதம்பாக்கத்துல டீ குடிக்க நின்னுச்சு" என்றான். பிறகு திருத்திக்கொண்டான். "நிறுத்தினாங்க."

வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. வடிவக்கா ஒரு விஷயம் மட்டும் சொன்னார். கிண்டிக்கு அப்புறம் அவனும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தானாம்.

அந்த வார வெள்ளிக்கிழமை, சுவாமிநாதனுக்குத் தி. நகரில் ஒரு வளைகாப்பு. வடிவக்கா பாத்திரங்களுக்குமேல் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோது புரோக்கர் போன் செய்தார். ஸ்ரீஹரி போனை அம்மாவிடம் நீட்டினான். அவர் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முடிச்சைப் போட்டார்.

"அம்மா, பார்ட்டி ரெடியா கீறாரும்மா. வண்டிய எப்ப வந்து பாக்கட்டும்?"

"வண்டி ஓடிக்கிட்டுல்லா இருக்கு."

"சரி, நிக்கும்போது சொல்லுங்க, வந்துடறேன்."

"சொல்லுதேன்" என்று வடிவக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அந்தப் பக்கம் நின்ற தங்கத்திடம், கயிற்றை இன்னும் ஒரு இழு இழுக்கச் சொன்னார்.